விருந்தாளியின் பேனாவும் ஊரவரின் மௌனமும்

கொழும்புப் புதுக்கடைக்கு இரண்டு முகங்கள் உண்டு. பகலில் அது நீதிமன்றங்களின் இடம். சட்டத்தரணிகளும் வழக்காளிகளும் நிறைந்திருப்பர். மாலையானதும் தெருவோரக் கடைகளில் கொத்துத் தட்டும் ஓசை எழும். சுட்ட இறைச்சியும் பலூடாவும் தேடி ஊரவரோடு வெளிநாட்டாரும் வருவர். 2024 ஏப்ரலில் இத்தெரு நாடெங்கும் பேசப்பட்டது. கொத்து ஒன்றின் விலை 1,900 ரூபா எனக் கேட்டுத் தயங்கிய உல்லாசப் பயணி ஒருவரைக் கடைக்காரர் மிரட்டும் தொனியில் பேசியது கமராவில் பதிவாகிச் சமூக ஊடகங்களில் பரவியது. பொலிஸார் கடைக்காரரைக் கைது செய்தனர்.

கடைக்காரர் செய்தது பிழை. நாடி வந்தவரை மிரட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆயினும், இலக்கிய வாசகர்களாகிய நாம் இத்தகைய ஒளிப்பதிவுகளை ஒரு பிரதியாகவும் வாசிக்க வேண்டியுள்ளது. அவற்றில் கதைசொல்லி யார்? கமராவைப் பிடித்திருப்பவர். மற்றவர் வெறும் காட்சி. பயண இலக்கியம் முழுவதற்கும் இது பொருந்தும். எழுதுபவர் பயணி, எழுதப்படுபவர் ஊரவர். எழுதப்பட்டவருக்கு அந்தப் பக்கத்தில் வாய் இருக்கிறதா என்பதையே பயண நூலொன்றை மதிப்பிடும் அளவுகோலாக இங்கு முன்வைக்கிறேன்.

ஊரவர் பயணியைப் பார்த்த பதிவும் இந்நாட்டில் உண்டு. 1505 எனப் பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டில் போர்த்துக்கேயர் கொழும்புத் துறைக்கு வந்த செய்தி கோட்டை அரசனுக்கு எட்டிய விதத்தைச் சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய கூறுகிறது. வந்தவர்கள் வெண்ணிறத்தவர், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிந்தவர்கள், ஓரிடத்தில் நில்லாதவர்கள். பாண் கல்லாகவும் வைன் இரத்தமாகவும் கரையில் நின்றவர்களின் கண்ணுக்குத் தோன்றின. ஒரு மீனுக்கோ ஒரு தேசிக்காய்க்கோ இரண்டு மூன்று பொற்காசு கொடுக்கிறார்கள் என்பதும் அச்செய்தியில் அடங்கும். வெளிநாட்டான் விலை அறியாதவன் என்ற எண்ணம் எமது கரையில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் கரையிறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டதையும், வேண்டியதைக் கேட்குமாறு சொன்னதையும், பாவா ஆதம் மலைக்குச் செல்வதே தமது விருப்பம் எனத் தாம் கூறியதையும் அவர் பதிவு செய்கிறார். பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரும் அவருக்குக் கிடைத்தனர். விருந்தளித்தவர் இங்கே பெயரோடு நிற்கிறார், பேசுகிறார். ஆனால் சுமை தூக்கிய பதினைந்து பேரில் ஒருவருக்கும் பெயரில்லை. எம்மவர்கள் இந்நூலை இந்நாட்டில் எமது தொன்மைக்கான சான்றாக மேற்கோள் காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். யார் பேசுகிறார், யார் சுமக்கிறார் என்று வாசிப்பவர் குறைவு.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். எமது சிற்றிதழ்களில் விரும்பி மொழிபெயர்க்கப்படும் பாப்லோ நெரூதா 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைக் கடலோரத்தில் வசித்தார். அவர் மறைந்தபின் 1974இல் வெளியான நினைவுக்குறிப்புகளில் ஒரு பக்கம் உண்டு. அவரது மலசலகூட வாளியை அகற்றவென அதிகாலையில் வந்துபோன, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழ்ப்பெண் பற்றியது அது. பட்டும் பழமும் வைத்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் அவளது மணிக்கட்டைப் பற்றி அறைக்குள் அழைத்துச் சென்றதை அவரே எழுதுகிறார். அது பாலியல் வல்லுறவு. வேறு சொல் அதற்கு இல்லை. கண்களை மூடாமல், அசைவற்றுக் கிடந்த அவளைச் சிலைக்கு ஒப்பிடுகிறார். அவள் தன்னை இகழ்ந்தது சரியே என்றும் ஒத்துக்கொள்கிறார். எனினும், ஒரு மனுஷியின் மறுப்பைச் சிற்பத்தின் அழகாக மாற்றிய அந்த இடத்தில் கவிஞர் மனிதனாக மட்டுமன்றி எழுத்தாளராகவும் தோற்றுப்போகிறார்.

2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் முயற்சியை இப்பக்கத்தைச் சுட்டிக்காட்டியே சிலி நாட்டுப் பெண்ணியர்கள் எதிர்த்தனர். இங்கே அசோக ஹந்தகம 2021இல் 'அல்பொராதா' எனும் திரைப்படத்தில் இதனைக் கையிலெடுத்தார். அப்பெண்ணின் மொழியிலேயே எழுதும் எமக்கு இதில் கூடுதல் பொறுப்புண்டு. நெரூதாவை வாசிக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். அவரது கவிதைகளை மொழிபெயர்க்கும் கை இப்பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

குற்றத்தையும் கொத்து விலையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒருவர் மற்றவருக்குப் பெயரற்ற உருவமாகிவிட்டார் என்பதே சொல்ல வந்தது. பயணிக்கு ஊரவர் காட்சி என்றால், ஊரவருக்குப் பயணி டொலர். சீகிரியாவில் அரசே வெளிநாட்டாரிடம் வேறு கட்டணம் அறவிடுகிறது. ஆனால் அது முன்னரே அறிவிக்கப்பட்டது. விரும்பாதவர் திரும்பிப் போகலாம். ஆளைப் பார்த்து வாயில் வரும் விலை அப்படியல்ல. அதேவேளை, 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் அரிசியும் எரிவாயுவும் விற்ற விலையில் தெருக்கடை நடத்தியவரின் கணக்கு எந்த ஒளிப்பதிவிலும் வருவதில்லை.

2024இல் இருபது இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். அவர்களில் பலர் எழுதுவர், படம்பிடிப்பர். பதிலுக்கு எம்மிடம் என்ன உண்டு? பாடசாலையில் சுற்றுலாக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் மலையையும் நீர்வீழ்ச்சியையும் எழுதுகிறார்கள். அங்கே தேநீர் ஊற்றித் தந்தவரை எழுதுவதில்லை. நாம் கற்பித்த முறை அப்படி. எமது சிறுகதையாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: புதுக்கடையின் கொத்துத் தட்டுக்குப் பின்னால் நிற்பவரின் நாவால் ஒரு கதை வரட்டும். அவர் நியாயவானாக இருக்க வேண்டியதில்லை. விலையை ஏற்றிச் சொன்ன கணத்தில் அவர் மனத்தில் ஓடியதும், எதிரே நின்ற பயணியின் முகத்தில் அவர் கண்டதும் அதில் இருந்தால் போதும்.