அழுகைக்குச் சுருதி சேர்த்தவர்கள்

போல் நோர்டொஃப் அமெரிக்க இசையமைப்பாளர். கிளைவ் றொபின்ஸ் இங்கிலாந்துக்காரர், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் ஆசிரியர். 1959இல் சேர்ந்து இசைச் சிகிச்சை வேலை தொடங்கிய இந்த இருவரின் ஏடுகளில், எட்வர்ட் என்ற பெயரில் பதிவாகியிருக்கும் சிறுவனின் கதையை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பேச்சு வராத பிள்ளை. பியானோ இருக்கும் அறைக்குள் அழைத்து வந்ததுமே வீறிட்டு அழுகிறான். நாமாக இருந்தால் முதலில் அழுகையை அடக்கப் பார்ப்போம். தூக்கி வைத்துத் தாலாட்டுவோம், கையில் எதையாவது கொடுப்போம். நோர்டொஃப் அந்த அழுகை எந்தச் சுருதியில் நிற்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டார். அதையே பியானோவில் பிடித்தார். பிள்ளையின் குரல் ஏறிய இடத்தில் வாசிப்பும் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீறிடல் பியானோவின் சுரங்களோடு ஒட்டத் தொடங்கிற்று. அழுகையா பாட்டா என்று பிரிக்க முடியாத ஒரு குரலில் பிள்ளை பதில் சொன்னான்.

இதன் நயமெல்லாம் அந்த முதல் சுரத்தில் இருக்கிறது. அழுகிற பிள்ளைக்கும் ஒரு சுருதி உண்டு என்று நம்பிய காது அது. அவனைத் தன் பாட்டுக்கு இழுக்காமல், தான் அவனுடைய குரலுக்குத் துணையாகப் போனது.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்துக் கூத்துக்களரியில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரைக் கவனித்திருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மத்தளம் அவர் கையில் இருக்கும், கண்ணோ ஆட்டக்காரரின் காலில் இருக்கும். புதிதாக வந்த பொடியன் ஒருவன் மிதியைத் தவறவிட்டால், மத்தளம் அவனோடு அரைக்கணம் நின்று திரும்பவும் அவனை ஏற்றிக்கொண்டு போகும். குரல் இளைக்கிற இடத்தில் பிற்பாட்டுக்காரர் வரியை ஏந்திக்கொள்வார்கள். பார்த்திருக்கும் சனத்துக்கு அவன் தடுக்கியதே தெரியாது. சிகிச்சை என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஒருவன் தயங்கும் இடத்தைக் கண்டு அங்கே போய் நிற்கும் வித்தை அதுதான்.

அதே பக்கத்தில், வீரமுனையிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய காரைதீவில் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து வரும் ஒலியை ‘மீன் பாடுகிறது’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அதை நீரரமகளிரின் இன்னிசையாகக் கேட்டு 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் சேர்த்தவர். சொல்லே இல்லாத ஒலிக்குள் சுரத்தைத் தேடிய அந்தக் காதும் நோர்டொஃபின் காதும் எனக்கு உறவாகத்தான் தோன்றுகின்றன.

ஓவியத்தின் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. 1971இல் கனடாவின் ரொறன்ரோவில், மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்கு ஷேர்லி மக்னோட்டன் என்ற ஆசிரியை, சார்ள்ஸ் பிளிஸ் உருவாக்கிய படக்குறிகளைக் கொடுத்தார். இதயத்தின் படம் என்றால் உணர்வு. பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு வந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கி வந்தால் துக்கம். எவ்வளவு சிக்கனமான கோடு! விரலை நீட்ட முடியாத பிள்ளை கண்ணாலேயே அந்த அம்பைக் காட்டி, தன் மனம் இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று அம்மாவுக்குச் சொல்லிவிடலாம்.

மக்னோட்டன் பணிசெய்த ரொறன்ரோ நிலையத்தின் வளவில் பின்னர், உடல் இயலாத பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் கலைத்தோட்டம் ஒன்று எழுந்தது. அதில் பணிசெய்த ஓவியர் போல் ஹோகன்தான் 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா உருவாகக் கைகொடுத்தவர். இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அதை நடத்தினார். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வளவுக்குள் வந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் பூசினார்கள், கதை கட்டி நடித்தார்கள். 1990 ஓகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த சனத்தில் பலர் கொல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு, இந்தக் கரையில் பிள்ளைகள் ஏன் வாயடைத்துப் போனார்கள் என்று விளக்கத் தேவையில்லை. எதையும் கதைக்கச் சொல்லிக் கேட்காமல், கையில் ஒரு பிடி களிமண்ணைக் கொடுக்கிற பக்குவத்தை நான் நெஞ்சாரப் போற்றுகிறேன்.

கல்லடியில் விபுலாநந்தரின் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம், ஓவியம் படிக்கிற இளையவர்கள் அங்கே இருக்கிறார்கள். பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளில் பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரே அறைக்குள் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. பியானோ தேவையில்லை; மத்தளமும், றபானும், கொஞ்சம் களிமண்ணும் போதும்.