கொடுப்போராக நின்ற அரசு: கே. ஆர். நாராயணன் – உஷா நாராயணன் மணவாழ்வும் ஒரு மொழிபெயர்ப்பு நூலும்

பர்மியச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று ‘ஸ்வீட் அண்ட் சவர்’ என்னும் பெயரில் 1998இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மூல ஆசிரியர் தெய்ன் பே மியின். மொழிபெயர்த்தவர் உஷா நாராயணன். அப்போது அவர் இந்தியக் குடியரசுத் தலைவரின் துணைவியார். அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் திருமணம் முதலிலும் இந்நூல் கடைசியிலும் வருவதே வழக்கம். இவ்வரிசையை மாற்றி, நூலின் பக்கம் நின்று மணத்தைப் படிக்க முயல்கிறது இக்கட்டுரை.

மணச்செய்தி பலரும் அறிந்ததே. உழவூரில் ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றில் பிறந்து, இலண்டனில் ஹரால்டு லாஸ்கியிடம் பயின்ற நாராயணன், 1949இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்து இரங்கூனில் பணியாற்றினார். லாஸ்கியின் மாணவர் ஒருவர் அங்கு இருப்பதை அறிந்து, அரசியல் விடுதலை பற்றித் தம் நட்பு வட்டத்தில் உரையாற்றுமாறு அவரை அணுகியவர் மா தின் தின். அயல்நாட்டவரை மணக்க அயலுறவுப் பணியாளருக்குத் தடை இருந்தமையால் பிரதமர் நேருவின் தனி இசைவு பெறப்பட்டது. 1951 ஜூன் 8 அன்று தில்லியில் மணம் நிகழ்ந்தது. தின் தின் ‘உஷா’ ஆனார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

இந்நிகழ்வை எடுத்துரைப்போர் பெரும்பாலும் நேருவின் பெருந்தன்மையோடு நிறுத்திவிடுகின்றனர். முதற்சொல் பெண்ணுடையது என்பது அவ்விடத்தில் மறைந்துபோகிறது. உரையாற்ற அழைத்தவர் அவர். அழைக்கப்பட்டவரே அரசின் பணியாளர்.

கொள்ளுதற்குரிய மரபினனுக்குக் கொடுத்தற்குரியோர் கரணத்தொடு கொடுப்பதைக் கற்பு என வரையறுக்கும் தொல்காப்பியர், உடன்போக்கில் கொடுப்போர் இன்றியே கரணம் நிகழ்வதையும் அடுத்த நூற்பாவில் ஏற்கிறார். 1951ஆம் ஆண்டு மணத்தை இவ்விரண்டில் எதில் அடக்குவது? சாதி, மதம், நாடு மூன்றையும் கடந்த நிலையில் அது உடன்போக்கை ஒக்கும். ஆயினும் கொடுப்போர் இல்லாத மணம் என்று அதனைக் கூற இயலவில்லை. தந்தையும் தமையரும் நிற்க வேண்டிய இடத்தில் அரசு நின்றது; அதுவும் பெண்ணின் அரசன்று, ஆணின் அரசு. மரபில் பெண்ணைக் கொடுப்பர். இங்குக் கொடுக்கப்பட்டவர் அதிகாரி. புதிய குடியரசு தன் பணியாளரின் மணத்தில் குடும்பத்தின் இடத்தை எடுத்துக்கொண்டதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அக்குடும்பம் மகளிர்பால் எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்கும் சான்று உண்டு. அதே 1949இல் பணியேற்ற சி. பி. முத்தம்மா, மணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக உறுதிமொழி எழுதித்தர வேண்டியிருந்தது. பெண் அலுவலர் மணத்திற்கு முன் எழுத்து வழி இசைவு பெற வேண்டும் என்னும் 1961ஆம் ஆண்டு விதியை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979இல் அவ்விதியின் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். முத்தம்மா இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. நாராயணனுக்கு விலக்காக வழங்கப்பட்ட இசைவை இவ்விதிகளின் அருகில் வைத்துப் பார்க்கும்போது, அதனை வெறும் காதற்கதையாக வாசிக்க மனம் ஒப்பவில்லை.

பர்மியத் தரப்பிலும் அது எளிதான மணமன்று. இந்தியரைப் பர்மியப் பெண்கள் மணப்பது 1938ஆம் ஆண்டுக் கலவரக் காலத்தில் எதிர்ப்பு முழக்கங்களுள் ஒன்றாக இருந்தது; பௌத்தப் பெண்களின் மணவுரிமை, வாரிசுரிமை குறித்துத் தனிச் சட்டமே மறு ஆண்டில் இயற்றப்பட்டது. அக்கசப்பு நிகழ்ந்து பதின்மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன.

தூதர் – எழுத்தாளர் மணம் என்றதும் ஒப்பிலக்கிய மாணவர் நினைவுக்கு வருவது ஹரால்டு நிக்கல்சன் – விட்டா சாக்வில்-வெஸ்ட் இணை. விட்டா தூதர் மனைவி என்னும் வேடத்தை ஏற்கவில்லை. கணவர் தெஹ்ரானில் பணியாற்றியபோது அங்குக் குடியேறாமல் பயணியாகவே சென்றுவந்து, 1926இல் பயணநூல் எழுதினார். நிக்கல்சன் 1929இல் பணியையே துறந்தார். விட்டா எழுதிவைத்திருந்த தன்வரலாற்றுக் குறிப்பை அவர் மறைவுக்குப் பின் கண்டெடுத்த மகன், அதனைத் தம் விளக்கங்களோடு 1973இல் வெளியிட்டதால் அம்மணத்திற்கு ஓர் ஆவணம் வாய்த்தது. உஷாவோ அவ்வேடத்தை ஏற்றார். தாய்லாந்து, துருக்கி, சீனம், அமெரிக்கா எனக் கணவரின் தூதுப்பணி தொடர்ந்தது. அவர் விட்டுச்சென்றது ஒப்புதல் வாக்குமூலம் அன்று, ஒரு மொழிபெயர்ப்பு. அந்தரங்கத்தைத் தேடும் வாசிப்புக்கு அதில் இடமில்லை. அதனாலேயே அது கவனம் பெறவில்லை போலும்.

பணியிடமே முகவரியாகும் வாழ்வு நெய்வேலி போன்ற நகரியங்களில் வாழ்வோர்க்குப் புதிதன்று. 1956இல் தொடங்கப்பட்ட நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்பில் வட்டமும் வீட்டின் அளவும் பணியாளரின் பதவியைச் சார்ந்தவை. அவ்வீட்டில் இருந்து எழுதும் பெண் முதலில் இன்னாரின் மனைவியாகவே அறியப்படுவார். குடியரசுத் தலைவர் மாளிகை இவ்வகைக் குடியிருப்புகளுள் மிகப் பெரியது, அவ்வளவே.

இனி நூலுக்கு வருவோம். தெய்ன் பே மியின் பர்மியப் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச்செயலராக இருந்தவர். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது 1942இல் இந்தியாவுக்குத் தப்பிவந்தவர். பர்மாவில் நடந்தது பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1943இல் அலகாபாத்தில் வெளியாயிற்று. இந்தியக் குடிமகளாகி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் உஷா தெரிந்தெடுத்தது இவருடைய கதைகளையே. மாளிகையின் அலங்காரத்திற்கு ஏற்ற தெரிவு அன்று இது. இளமையில் அரசியல் விடுதலை பற்றிக் கேட்க விழைந்த தின் தின்னை இத்தெரிவில் மீண்டும் காண்கிறோம் என்பது என் கருத்து.

முகப்பில் உள்ள பெயர் மட்டும் வாசகரைத் திசைதிருப்புகிறது. ‘உஷா நாராயணன்’ என்பதைக் காண்பவர், இந்தியர் ஒருவர் பர்மிய மொழி கற்று மொழிபெயர்த்ததாகவே கொள்வர். உண்மையில் தாய்மொழியிலிருந்து பிறமொழிக்குச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு இது. மணத்தால் வந்த பெயர் மொழிபெயர்ப்பாளரின் மொழியுரிமையை மறைத்துவிட்டது.

தமிழாய்வுக்கு இந்நூல் அயலானதன்று. பர்மா பற்றிய தமிழ் எழுத்தில் நாம் மிகுதியும் கேட்பது வெளியேறியோர் குரல். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அதே 1942இல் இரங்கூனை விட்டு நடந்த துயரைப் பதிவுசெய்கிறது. ஒரே ஆண்டில், ஒரே திசையில் வந்த இருவர்: ஒருவர் வாழ்ந்த ஊரை இழந்த தமிழர், மற்றவர் பிறந்த நாட்டை மீட்க எண்ணிய பர்மியர். சர்மாவின் நூலில் இல்லாத பர்மியரைத் தேடுவோர் உஷாவின் மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம்.