பிரபுவின் காரில் கங்கா

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் கங்காவும் பிரபுவும் காரில் போகும் பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதை ஊருக்கு உபதேசம் சொன்ன நாவலாகப் படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு அது காதல் கதை. மனசைக் கலக்குகிற காதல் கதை.

கலக்கத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேச'த்தில் மழையில் நின்ற பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்தவன் பிரபு. அவனையே நாவலில் அவள் தேடிப் பிடித்துச் சிநேகம் கொள்கிறாள். இதை எப்படி ரசிக்க முடிகிறது என்று கேட்பவர்கள் சென்னை கே.கே. நகரில் நிறைய. ஜெயகாந்தன் வாழ்ந்த பேட்டை அல்லவா, முனுசாமி சாலையில் டிஸ்கவரி புக் பேலஸில் இரண்டு வாசகர்கள் சந்தித்தால் பேச்சு அவரிடம் வந்துவிடும்.

என் பதில் இதுதான்: ஜெயகாந்தன் பிரபுவை எந்த இடத்திலும் விடுதலை செய்யவில்லை. பணம் உண்டு, கார் உண்டு, பேச்சில் ஒரு குழந்தைத்தனம் உண்டு. ஆனால் செய்ததைச் சுமக்கிற தோள் இல்லை. கங்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் பக்கத்தில் உட்காருகிறாள். வாய் நிறைய நீதி பேசிக்கொண்டே அவளிடமே கை நீட்டுகிற அவளுடைய மாமா வெங்குவைவிட இவன் மேல் என்று நாவல் நம்மை நினைக்க வைக்கிறது. அப்படி நினைத்த மறுகணம் நமக்கே உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு சேர்ந்ததுதான் என் ரசனை.

இந்த நாவலை வைத்து வந்த பீம்சிங் படத்தில் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, நியாயம்தான். ஸ்ரீகாந்தைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசவில்லை. 1965இல் 'வெண்ணிற ஆடை'யில் கதாநாயகனாக வந்தவர், 'தங்கப்பதக்க'த்தில் சிவாஜியை எதிர்த்து நின்ற மகன். அந்த முரட்டுத்தனத்தை அப்படியே கழற்றி வைத்துவிட்டுப் பிரபுவாக வருகிறார். கெட்டவன் என்று காட்ட ஒரு புருவம்கூட உயர்த்துவதில்லை. சிரிப்பில் கூச்சம், பேச்சில் தளர்வு, பார்வையில் எப்போதும் யாரோ திட்டப்போகிறார்கள் என்ற தயக்கம். அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நம்மைத் தவிக்க விடுகிறார். 2021இல் அவர் மறைந்தபோது இந்த ஒரு வேடத்துக்காகவே பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்க வேண்டும்.

பிரபுவைவிட நாவலாசிரியர் ரமணிசந்திரனின் கோபக்கார நாயகர்கள்தான் உசத்தி என்பார்கள் சிலர். அவர் கதைகளும் எனக்குப் பிடிக்கும். நாயகனின் சந்தேகம் தீர்ந்ததும் அவன் தலைகுனிவான். நாயகியின் தன்மானம் கடைசிவரை நிமிர்ந்து நிற்கும். அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது.

இப்போது வரும் 'ஆன்ட்டி ஹீரோ' தொடர்களையும், அமெரிக்க மோட்டார் சைக்கிள் கும்பல் காதல் கதைகளையும் ராத்திரி கண் விழித்துப் படிக்கிறவள் நான். தன் ஆளின் உடைமை என்று முதுகில் எழுதிய தோல் ஜாக்கெட்டை நாயகி பெருமையாகப் போட்டுக்கொள்கிற கதைகள் அவை. அந்த வேகமும் ஆபத்தும், ஊரே அஞ்சும் ஒருவன் ஒருத்தியிடம் மட்டும் குரல் தாழ்த்துவதும் எனக்கு வேண்டும். என் குறை வேறு. அவன் அவளை அடைத்து வைப்பான், மிரட்டுவான். நாலாவது அத்தியாயத்தில் அவனுக்கு அம்மா இல்லை என்று ஒரு பழைய கதை வரும். உடனே எல்லாக் கணக்கும் நேராகிவிடும். அவள் அன்பு அவனைத் திருத்திவிடும். வாசகி உறுத்தலே இல்லாமல் தூங்கப் போக வேண்டும் என்று எழுதுகிறார்கள்.

கங்காவின் அன்பு பிரபுவைத் திருத்தவில்லை. அவன் விலகிப் போகிறான், அவள் நொறுங்கிப் போகிறாள். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் வாசகரை இப்படி நடுத்தெருவில் விடத் துணிந்தது. இன்று எழுதுகிறவர்கள் நாயகனை எவ்வளவு முரடனாக வேண்டுமானாலும் படைக்கட்டும், அவனை நான் காதலிக்கவும் தயார். அவன் செய்தது தவறு என்பதை மட்டும் கடைசிப் பக்கம்வரை மறக்காமல் எழுதட்டும்.