வட்டத்தை அளந்த பரம்பரைகள்

திருப்பதிக்கு வடமேற்கே உள்ள கடப்பையில் 1833-ஆம் ஆண்டு சார்லஸ் விஷ் என்னும் கும்பினி நீதிபதி காலமானார். மலையாளக் கரையில் உத்தியோகம் பார்த்த நாட்களில் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டிய அவர், தந்திரசங்கிரகம், யுக்திபாஷை, கரணபத்ததி, சத்ரத்னமாலை ஆகிய நான்கு நூல்களும் வட்டப் பரிதியை முடிவிலாத் தொடராக விரித்துரைப்பதை எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரை, மறு ஆண்டில் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. அச்சேறியதோடு சரி, ஒரு நூற்றாண்டுக் காலம் அதைப் பொருட்படுத்தியவர் வெகு சிலரே.

தொகைநுண்கணிதத்தின் மரபுகளை ஒப்பிடுகையில், ‘யார் முந்தியவர்’ என்ற வழக்கை விடுத்து, ‘எதனை நிரூபணம் என ஏற்றார்கள்’ என்று வினவுவதே தகும். பரவளைவுத் துண்டின் பரப்பு, அதனுள் அமைந்த முக்கோணத்தின் 4/3 பங்கு என்று கண்ட ஆர்க்கிமிடீஸ், முடிவிலியைத் தீண்டாமலே, கூடுதலும் அன்று குறைவும் அன்று என இருபுறமும் மடக்கி நிறுவினார். நம் பாஸ்கராசாரியரோ 12-ஆம் நூற்றாண்டில், கோளத்தின் மேற்பரப்பை நெல்லிக்கனியின் கோடுகளைப் போல் பகுத்துக் கூட்டினார்.

விஷ் சுட்டிய நூல்களைத் தந்த கேரளத்துப் பரம்பரை இவ்விரண்டினும் துணிவுடையது. சங்கமகிராமத்து மாதவர் தொடங்கிவைத்து, நீலகண்ட சோமயாஜி வளர்த்த இவ்வித்தையை, 16-ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர், சூத்திரங்களை மட்டும் மனனம் செய்யும் வழக்கத்துக்கு மாறாக, உபபத்திகளுடன், அதாவது நிரூபணங்களுடன், மலையாள வசனத்தில் யுக்திபாஷையாக எழுதிவைத்தார். தமிழ்நாட்டுச் சோதிடர் சுந்தரராஜர் ஐயங்களை எழுதியனுப்ப, நீலகண்டர் விடையிறுத்தார் என்பதும் நமக்கு உவகை தரும் செய்தி.

கேரளத்தாரது யுக்தியின் உயிர்நாடி சங்கலிதம், அதாவது தொடர் எண்களின் கூட்டுத்தொகை. 1 முதல் 100 வரை கூட்டினால் 5,050. நூறின் வர்க்கத்தில் பாதி 5,000. ஆயிரம் வரை கூட்டினால் 5,00,500. பாதி வர்க்கம் 5,00,000. நூற்றில் ஒன்றாயிருந்த மிகை ஆயிரத்தில் ஒன்றாகிறது. துண்டுகள் பெருகப் பெருக அது இல்லையென்றே ஆகிவிடும். வர்க்கங்களின் தொகை கனத்தில் மூன்றிலொன்றை நெருங்கும். கனங்களின் தொகை நான்காம் படியில் நாலிலொன்றை. வட்டத்தைச் சூழ்ந்த சதுரத்தின் பக்கத்தை நுண்ணிய துண்டுகளாக்கி இவ்விதியைச் செலுத்தியே, விட்டத்தை நான்கால் பெருக்கி, 1, 3, 5, 7 என வகுத்து, மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் பரிதியைப் பெற்றார்கள்.

இத்தொடர் நத்தை நடை போடுவது. விட்டம் 1 எனக் கொண்டால், பத்து உறுப்புகளில் கிட்டுவது 3.0418396 மட்டுமே. எஞ்சியதை மதிப்பிட அவர்கள் வகுத்த சம்ஸ்காரத்தின்படி 40/401-ஐச் சேர்த்தாலோ 3.1415902 ஆகிவிடுகிறது! தொடரை விடவும் இந்தச் சம்ஸ்காரத்தையே நான் அப்பரம்பரையின் மேன்மையாகக் கருதுகிறேன். விட்ட இடத்தில் எவ்வளவு விட்டோம் என்று கணக்குச் சொல்வது சாமானிய சாமர்த்தியம் அன்று.

ஆயினும் நுண்கணிதமே மாதவர் கண்டதுதான் என்று மேடைதோறும் முழங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தொகையீடும் வகையீடும் ஒன்றையொன்று தலைகீழாக்குபவை என்ற பொதுவிதியை வளைவுகள் எல்லாவற்றிற்கும் ஆண்டவர்கள் நியூட்டனும் லைப்னிட்சுமே. கேரளத்தார் வட்டத்தையும் கோளத்தையும் விட்டு அகலவில்லை. ஐரோப்பியர் தம் நிரூபணத்தின் தளர்ச்சியைச் சீர்செய்ய கோஷி, 1854-இல் ரீமான், 1902-இல் லெபேக் எனக் காலம் பிடித்தது.

1940-களில் சென்னைக் கணித விற்பன்னர் சி. டி. ராஜகோபாலும் அவரைச் சார்ந்தோரும் மலையாளச் சுவடிகளின் யுக்திகளை இக்காலக் கணித நடையில் விளக்கினர்; 1948-இல் யுக்திபாஷையின் கணிதப் பகுதி உரைக்குறிப்புகளுடன் திருச்சூரில் அச்சாயிற்று. பட்டப்படிப்பு மாணவன் எவனும் அதன் பரிதி நிரூபணத்தை ஒரு மாலைப் பொழுதில் பின்தொடரலாம். பள்ளி அல்ஜீப்ராவும் ஒத்த முக்கோணங்களும் தெரிந்திருந்தால் போதும்.