வாத்தியாரின் சிம்பனி

வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர் அலன் ஹாடினாட் (1929-2008), 1967-லிருந்து 20 வருஷம் கார்டிஃபில் இசைப் பேராசிரியர். வகுப்பு, மீட்டிங், விடைத்தாள், போதாததற்கு ஒரு நவீன இசை விழா. இத்தனைக்கும் நடுவில் நாலு சிம்பனி, அஞ்சு ஓபரா! மனுஷன் எப்போது தூங்கினார்?

'வாத்தியார் சங்கீதம்' என்று சிலருக்கு இளக்காரம். கொஞ்சம் நியாயம் உண்டு. அவருக்கு மாலைமாற்றுப் பைத்தியம். போன ஸ்வரங்களே பின்பக்கமாகத் திரும்பி வரும், நம் 'விகடகவி' போல. சில இடங்களில் கணக்கு துருத்திக்கொண்டு தெரிகிறது.

ஆனால் மெதுவான பகுதிகளில் கரும்பலகை ஞாபகமே வராது. இருட்டும் மணியோசையும்தான். 1954-ல், பேராசிரியர் ஆகுமுன், செல்டன்ஹாம் விழாவில் அரங்கேறிய கிளாரினெட் கான்செர்ட்டோவை முதலில் கேளுங்கள். பிறகு, 1970-ல் சூரியனைத் தலைப்பில் வைத்து எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பை. ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு.