செயலாளர் என் சித்தப்பா
நம் கதைகளில் தோட்டத்துக் கோயில் உடைபடும்போது பெரும்பாலும் புல்டோசர் வரும், பாட்டி அழுவாள், கதை முடிந்துவிடும். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு இந்த அச்சு இன்னும் இறுகிப்போனது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன் நடந்த கோயில் பொதுக்கூட்டங்கள் எங்கே? திருவிழாவில் முதல்நாள் உபயம் யாருக்கு என்று அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியது, “ஒய்பி வராரு, மாலை வாங்கியாச்சா?” என்று செயலாளர் ஓடியது, நிலம் கேட்டு எழுதவேண்டிய மனு அலமாரியிலேயே கிடந்தது. இதையெல்லாம் பார்த்தவர்கள்தான் நாம். நானும் எழுதவில்லை. அந்தச் செயலாளர் என் சித்தப்பா. எதிரியை வெளியே மட்டும் நிறுத்துகிற கதையில் பாட்டியின் அழுகைகூட பாதிதான் கேட்கிறது.