வெப்பமானிக்கு ஓர் உரைகல்

வானிலை நிலையப் புல்தரையில் கால் வைத்து நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைப் பலரும் பார்த்திருப்பார்கள். நாலு பக்கமும் சாய்ந்த சட்டங்கள். வெயில் உள்ளே போகாது, காற்று போகும். உள்ளே வெப்பமானிகள். பெட்டியைத் திறந்தால் எல்லோரும் பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கு அந்த வெப்பமானிக்கு உரிய திருத்த அட்டையைப் பார்க்க வேண்டும். இருபதில் கூட்டு 0.1, முப்பதில் ஒன்றுமில்லை, நாற்பதில் கழி 0.1 என்கிற மாதிரி நாலைந்து வரிதான் அதில் இருக்கும். ஆனால் கண்ணாடிக் குழாய் ஒன்று தன் குறைகளைத் தானே ஒப்புக்கொண்டு எழுதித் தந்த ஓலை அது. வேறெந்தக் கைத்தொழிலிலும் இவ்வளவு நாணயத்தை நான் கண்டதில்லை.

அந்த ஓலை எழுதப்படும் இடம்தான் காலிபிரேஷன் மையம். அளவுச் சரிபார்ப்பு என்று தமிழில் சொல்லலாம். கேட்டதும் சுருதி சேர்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் அந்த ஒப்புமை பொருந்தாது. சுருதி சேர்க்கும்போது தம்புராவின் தந்தி மாறுகிறது. இங்கே கருவியைத் தொட்டு மாற்றுவது முதல் வேலை இல்லை. பொற்கொல்லர் உரைகல்லில் நகையைத் தேய்ப்பதைப் போன்றது இது. கல் தங்கத்தைச் சுத்தமாக்குவதில்லை, எத்தனை மாற்று என்று மட்டும் சொல்கிறது. வானிலைக்கு வேண்டியது பிழையே இல்லாத கருவி அல்ல. அப்படி ஒன்று கிடையாது. எவ்வளவு பிழை என்று தெரிந்த கருவி இருந்தால் போதும்.

இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் ஒழுக்கம் ஒன்று உண்டு. வெளியூர் நிலையத்திலிருந்து தூசியும் சிலந்தி வலையுமாக ஒரு கருவி வந்து சேர்கிறது. நம் கை உடனே துணியைத் தேடும். தேர்ந்தவர் துடைக்க மாட்டார். வந்த கோலத்திலேயே அளந்து குறித்துக்கொள்வார். போன வருஷம் முழுவதும் அது எழுதிய எண்கள் அந்த அழுக்கோடு எழுதியவை அல்லவா? அந்தப் பிழை எவ்வளவு என்று தெரியாமல் துடைத்துவிட்டால், துடைத்தது கருவியை மட்டும் அல்ல, அந்த ஒரு வருஷத்துப் பதிவையும்தான். சுத்தம் செய்வதும் திருகைத் திருப்புவதும் பிறகு. அதன் பின் மறுபடி ஓர் அளவு. இரண்டும் சான்றிதழில் ஏறும்.

வெப்பநிலைக்கு ஆதாரம் தண்ணீர். பனிக்கட்டியும் நீரும் நீராவியும் ஒன்றாக, சண்டையில்லாமல் சேர்ந்திருக்கக்கூடிய வெப்பநிலை ஒன்றே ஒன்றுதான்: 0.01 டிகிரி செல்சியஸ். மும்மைப் புள்ளி என்பார்கள். 1954 முதல் 2019 வரை கெல்வின் என்ற அலகின் வரையறையே இதில்தான் நின்றது. இதற்கான கலம் கண்ணாடியில் ஊதிச் செய்தது. நடுவில் வெப்பமானியை இறக்க ஒரு கிணறு. சுற்றிலும் மிகத் தூய நீர். மீதி இடத்தில் நீராவி தவிர எதுவும் இல்லை, காற்றுகூட இல்லை. கலத்தை மெல்லச் சாய்த்தால் தண்ணீர் கண்ணாடியில் மோதி, உலோகம் தட்டுவது போல ‘டிக்’ என்கிறது. மெத்தையாகத் தாங்கக் காற்று இல்லாததால் வரும் சத்தம் அது. சத்தம் மழுங்கினால் எங்கோ காற்று கசிந்துவிட்டது என்று அர்த்தம். பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் பாட்டிமாருக்கு இந்தச் சோதனை உடனே புரிந்திருக்கும்.

அப்புறம் உறைபனி. கிணற்றுக்குள் உலர்பனிக்கட்டியைப் போட்டால், கிணற்றைச் சுற்றித் தண்ணீர் உறைந்து ஒரு கண்ணாடிப் போர்வை போலத் தடிக்கிறது. போதுமான அளவு தடித்ததும், அறைச் சூட்டில் இருக்கும் ஒரு கம்பியைக் கிணற்றில் கொஞ்ச நேரம் விடுகிறார்கள். பனியின் உள்விளிம்பு மட்டும் இழையாக உருகுகிறது. கலத்தை லேசாகத் திருப்பினால் பனிப்போர்வை கிணற்றைச் சுற்றித் தளர்ந்து சுழலும். அந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்த்தால்தான் கலம் தயார். உடனே அளக்கவும் மாட்டார்கள். புதுப்பனியின் இறுக்கம் தளர ஒரு நாளாவது விடுவார்கள். இவ்வளவும் ஒரே ஒரு எண்ணுக்காக. ஒரு பிளாட்டினம் வெப்பமானியை அதில் இறக்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு டிகிரி வரைக்கும் நம்பலாம்.

காற்றழுத்தத்துக்கும் இப்படியொரு அழகு இருக்கிறது. செங்குத்தான உருளைக்குள் சரியாகப் பொருந்தும் ஓர் உலோகத் தண்டு, மேலே எடைக்கற்கள், கீழே வாயு. தண்டைச் சுற்றிவிட்டால் அது உருளையின் சுவரைத் தொடாமல், வாயுவின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி நெடுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும். எடையைத் தண்டின் பரப்பால் வகுத்தால் அழுத்தம். மேலே வைப்பது கல், கீழே தாங்குவது காற்று. தராசு அறிந்த யாருக்கும் இது விளங்கும். துல்லியம் இங்கே வெறும் ஆசை இல்லை. கடல்மட்டத்தில் சுமார் எட்டு மீட்டர் மேலே ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. உலக வானிலை அமைப்பு எதிர்பார்க்கும் துல்லியமோ அதில் பத்தில் ஒரு பங்கு. பாரோமீட்டரை மேசையிலிருந்து தரைக்கு இறக்கினாலே கிட்டத்தட்ட அந்த வித்தியாசம் வந்துவிடும்.

காற்றுச் சுரங்கத்தில் கிண்ண அனிமோமீட்டர் சுழல்வதும், உப்புக் கரைசல்களின் மேல் ஈரப்பதமானிகள் காத்திருப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் மனம் மழைமானியிடம் போகிறது. தானியங்கி மழைமானிக்குள் சீசா மாதிரி இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், ஒரு எண்ணிக்கை. சாயும் அந்த நொடிக்குள்ளும் மேலிருந்து நீர் விழுந்துகொண்டே இருக்கிறது; அது நிரம்பிய கிண்ணத்திலேயே விழுந்து கணக்கில் வராமல் போகிறது. தூறலில் இது பொருட்டில்லை. அடைமழையில் இழப்பு கூடிக்கொண்டே போகும். அதாவது, எப்போது அளவு மிக முக்கியமோ அப்போதுதான் இந்தக் கருவி குறைத்துச் சொல்லும். 2015 டிசம்பர் 1-இல் தொடங்கி தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவான 49 சென்டிமீட்டரை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். சரிபார்ப்பவர் அளந்த நீரை வெவ்வேறு வேகங்களில் சொட்டவிடுகிறார். எந்த வேகத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரு வளைகோடு வரைகிறார். மழையைக் கையால் பெய்வித்துப் பார்க்கும் வேலை; பொறுமை இல்லாதவர் செய்ய முடியாது.

சரி, இத்தகைய மையம் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் ஏன் வேண்டும்? உலகத்துக்கு ஒரே உரைகல் இருந்தால் போதாதா? பாதரச பாரோமீட்டரைத் தூக்கிப் பயணம் போனவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நிமிர்ந்தால் பாதரசம் குழாய்க்குள் ஆடி, கண்ணாடியைக் குத்தி உடைக்கும், இல்லையேல் காற்றுக்குமிழி புகும். நுட்பமான எந்தக் கருவிக்கும் பயணம் ஆகாது. போய்ச் சரிபார்த்துத் திரும்பும் வழியிலேயே அது மாறிவிட்டால் சான்றிதழ் வெறும் காகிதம். உரைகல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பேரையே எடைக்கல்லுக்கு வைத்துப் பொன்னை நிறுத்தது இந்த அறிவால்தான் என்று நினைக்கிறேன். ஊரார் நம்பும் அளவு ஊரிலேயே இருந்தது.

ஆகவே உலக வானிலை அமைப்பு ஒவ்வொரு பிராந்தியத்திலும் கருவி மையங்களை ஏற்றிருக்கிறது. ஆசியாவில் ஜப்பானின் சுகுபாவும் பெய்ஜிங்கும், ஆப்பிரிக்காவில் நைரோபி, கரீபியத் தீவுகளுக்குப் பார்படாஸ், ஐரோப்பாவில் லியுப்லியானாவும் பிராட்டிஸ்லாவாவும். ஒரே வெப்பமானியை மையம் மையமாக அனுப்பி, அடுத்தவர் கண்ட விடையைத் தெரிந்துகொள்ளாமல் அளக்கச் சொல்லி, கடைசியில் எல்லா விடைகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதும் உண்டு. உரைகல்லையும் உரைத்துப் பார்க்கிறார்கள்.

சூரிய ஒளியை அளக்கும் கருவிகளுக்கு, ஓர் உரைகல்லிலிருந்து அடுத்ததற்கு அளவு இறங்கிவரும் இந்தப் பரம்பரை இன்னும் தெளிவு. உச்சியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ். அங்குள்ள ஆய்வகத்தை 1907-இல் தொடங்கியவர் கார்ல் டோர்னோ, காசநோயுற்ற மகளுக்காக அந்த மலையூருக்கு வந்த தந்தை. ஒரு காலத்தில் ஐரோப்பியரின் சூரிய அளவுகோலும் அமெரிக்கருடையதும் சுமார் மூன்றரை விழுக்காடு வேறுபட்டன. அதே சூரியன், இரண்டு எண்கள். இன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாட்டுக் கருவிகள் டாவோஸில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சூரியனைப் பார்க்கின்றன. உள்ளே நடப்பது எளிய தந்திரம்: ஒரு கரிய குழிக்குள் சூரியனை விட்டுச் சூடேற்றுவது, பின் கதவை மூடிவிட்டு மின்சாரத்தால் அதே சூட்டை வரவழைப்பது. செலவான மின்சாரத்தைப் படித்தால் சூரியன் தந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேகம் வந்தால் எல்லோரும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அங்கிருந்து அளவை இறக்கிக்கொண்டு வரும் ஆசிய மையங்களில் ஒன்று புனே. அந்த நகரத்தை நினைத்தாலே எனக்கு அன்னா மணி நினைவுக்கு வருகிறார். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனிடம் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தவர். 1945-இல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்று, 1948-இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒரே சீராக்கி, அவற்றை இங்கேயே செய்யும் வழியைக் காட்டினார். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்தவரும் அவரே. கருவியைச் செய்வதை விடவும் அதை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிலையங்கள் எத்தனை என்பதைப் பெருமையாகச் சொல்லும் அதிகாரிகள் எந்தக் காலத்திலும் உண்டு. அவற்றின் எண்கள் ஒன்றோடொன்று பேசுமா என்று கேட்பவர்கள் குறைவு.

சான்றிதழின் அடியில் வரும் ஒரு வரியையும் சொல்லாமல் விட மனமில்லை. திருத்தத்தை எழுதிய பின், ‘இந்த எண்ணிலேயே எங்களுக்கு இவ்வளவு ஐயம் உண்டு’ என்று மையம் தன் நிச்சயமின்மையையும் கூட்டல்-கழித்தல் குறியோடு எழுதிக் கையெழுத்திடுகிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை உண்மை இந்த எல்லைக்குள் இருக்கும் என்பது அதன் பொருள். கருவியின் குறையைச் சொன்ன கை, தன் குறையையும் அளந்து சொல்கிறது. ஒரே வெப்பமானிக்கு இருபது வருஷமாக வந்த சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினால் அதன் ஜாதகம் கிடைக்கும்: எந்த வருஷம் கொஞ்சம் ஏறியது, எப்போது இடிபட்டது, எப்போது நிலைத்தது. உலகத்தின் சராசரி வெப்பம் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியோடு ஒப்பிட்டால் ஒரு டிகிரிக்கும் மேல் உயர்ந்திருக்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு இத்தகைய ஜாதகங்களும் ஒரு காரணம்.

சரிபார்த்த வெப்பமானி நிலையத்துக்குத் திரும்புகிறது. பஞ்சு சுற்றிய பெட்டியைப் பிரித்து, அதைப் பழைய கொக்கியிலேயே மாட்டுகிறார் ஊழியர். காலை எட்டரைக்குக் கதவைத் திறந்து, பாதரசத்தின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்கிறார்: 27.4. புதிய அட்டையில் அந்தப் பக்கத்துக்குக் கூட்டு 0.1. பதிவேட்டில் 27.5 என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்.